வாய் மூடிப் படித்த எண்கள்

அத்தியாயம் 6

“நாலு… நாலு… ஏழு… பூஜ்யம்… ஒன்பது… ரெண்டு…”

டாக்டரின் மேஜையில் கிடந்த கைபேசியிலிருந்து அந்தக் குரல் வந்தது. போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ எண்ணுவதுபோல் இருந்தது. கனத்த பெண் குரல் என்றாலும் நம்பலாம், ஜலதோஷம் பிடித்த ஆண் குரல் என்றாலும் நம்பலாம். மொத்தம் ஐம்பத்து நாலு எண்கள். முடிந்ததும் ஒரு ‘டிக்’.

“கேட்டீங்கல்ல?” என்றார் டாக்டர். “துணியைப் போட்டு மூடிட்டுப் பேசியிருக்கான். குரலை மறைக்கறவன் எதுக்கு மறைப்பான்? மடியில கனம் இருக்கறவன்தான்.”

நிதானம் பதிவை மறுபடி ஓடவிட்டு, எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வேறு. பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடாதவள் என்று சித்தப்பா வைத்த பட்டப்பெயர், அவளுடைய துப்பறியும் அலுவலகத்தின் பெயர்ப்பலகை வரை போய்விட்டது. அந்தச் சித்தப்பாதான் இப்போது அவளுக்கு உதவியாளர். முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஓய்வு பெறாதது வாய் மட்டும்.

அவர் டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மாடி, இந்தக் காது டாக்டரைவிட உயரமா இருக்கு” என்றார், குரலைத் தணிக்காமல்.

நிதானம் முறைத்தாள். டாக்டர் திரும்பவில்லை, முகம் மாறவில்லை. பெரிய மனிதர், சட்டை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அந்தக் காது பரிசோதனை நிலையத்துக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தின் உரிமப் பிரிவிலிருந்து ஆறு நாட்களுக்கு முன் கடிதம் வந்திருந்தது. வரவேற்பு மேஜையிலிருக்கும் மடிக்கணினிக்கு உரிய உரிம எண்ணைக் கொண்டு, பரிசோதனை அறையின் புதிய மடிக்கணினியில் பழைய இயங்குதளத்தை யாரோ நிறுவியிருக்கிறார்கள். ஓர் எண் ஒரு கணினிக்குத்தான். போன மாதம் பத்தொன்பதாம் தேதி காலை பதினொன்றே காலுக்கு, நிலையத்தின் தொலைபேசியிலிருந்தே பேசி அதைச் செயல்படுத்தியிருக்கிறார்கள். பேசியது யார் என்று இன்று மாலை நாலு மணிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒலிப்பதிவு இணைக்கப்பட்டுள்ளது. குரல் தெளிவாக இல்லை.

டாக்டர் பதில் கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். அதில் நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் தம்பியின் பெயர் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“இங்க கம்ப்யூட்டர் வேலை தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அன்னைக்கு முழு நாளும் இருந்திருக்கான், பாருங்க.” வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “இந்த லெட்டரைப் போட்டுட்டு அவனை வெளிய அனுப்பிட்டுப் போலீஸ்லயும் சொல்லப்போறேன். இங்க காது டெஸ்ட் எடுக்கற டெஸ்ட் அக்கா உங்ககிட்ட வந்து அழுததால நாலு மணி வரைக்கும் பொறுக்கறேன்.”

பத்தொன்பதாம் தேதிக் கட்டத்தை நிதானம் பார்த்தாள். மற்ற நாட்களில் எல்லாம் நீல மையில் இருந்த கையெழுத்து அன்று சிவப்பில் இருந்தது.

“பேனா தீந்துபோயிருக்கும்” என்றார் டாக்டர்.

மணி பன்னிரண்டாகப் போகிறது.

*

சிஸ்டம் தம்பியின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அவன் முப்பது வயதுக்காரன், ஒல்லி. மேஜை இழுப்பறையைக் காலி செய்து, வயர்களைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தான்.

“நான்தான்னு எழுதிக்கோங்க மேடம்” என்றான், அவர்கள் உட்காருவதற்கு முன்பே.

“பண்ணியிருந்தா எழுதிக்கலாம். பண்ணீங்களா?”

அவன் அடுத்த வயரை எடுத்தான்.

“எதுக்குப்பா புது லேப்டாப்புல பழைய சிஸ்டம்?” என்றார் சித்தப்பா. “புது வீட்டுல பழைய கதவா?”

“காது பாக்கற மெஷின் பன்னண்டு வருஷப் பழசு சார். அதுக்குப் பழைய சிஸ்டம்தான் புரியும். புதுசுல மாட்டினா, யாரோ எவரோன்னு உக்காந்திருக்கும். பழைய லேப்டாப் செத்துப்போச்சு, புதுசு வந்துச்சு. ரெண்டு வாரமா அக்கா கேட்டுட்டே இருந்தாங்க. நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு…” நிறுத்திக்கொண்டான். “என் தப்புதான்.”

“லைசன்ஸ்?”

“அது வந்து மேடம், இந்தப் புது லேப்டாப்பைப் பொறுத்தவரைக்கும்…” மறுபடியும் நிறுத்தினான். “விடுங்க. இப்ப பேசி என்ன?”

“லைசன்ஸ்னா டிக்கெட் மாதிரி” என்றார் சித்தப்பா. “ஒரு டிக்கெட்ல ரெண்டு பேர் உக்காந்தா, அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடுவேன். தயவு தாட்சண்யமே கிடையாது.”

“நம்ம ஆபீஸ்ல ரெண்டு லேப்டாப்பும் ஒரே டிக்கெட்லதான் ஓடுது சித்தப்பா.”

“அது குடும்ப டிக்கெட்டும்மா.” அவர் சட்டென்று கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

நிதானம் ஒரு தாளை நீட்டினாள். ஒலிப்பதிவிலிருந்த எண்களை அதில் எழுதியிருந்தாள். “இதைப் படிங்க.”

“டபுள் நாலு, எழுபது, தொண்ணூத்திரெண்டு, பதினெட்டு, டபுள் அஞ்சு…” ஒரே மூச்சில் ஓடினான்.

“போதும். ஃபோன் நம்பர் சொல்ற மாதிரி சொல்றீங்க.”

“எல்லாரும் அப்படித்தான சொல்லுவாங்க?”

“எல்லாரும் இல்ல.”

மேஜையில் இருந்த அவன் கைபேசி ஒளிர்ந்தது. திரையில் துணியில் சுற்றிய ஒரு குழந்தை. அவன் அவசரமாகக் கவிழ்த்து வைத்தான்.

“எத்தனை நாள் ஆச்சு?” என்றாள் நிதானம்.

“பதினேழு.” சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

சித்தப்பா விரல் விட்டு எண்ணினார். இன்று ஆறாம் தேதி. போன மாதத்துக்கு முப்பது நாள். அவர் விரல் பத்தொன்பதில் போய் நின்றது. “ஏம்பா, பொண்டாட்டி பிரசவ வார்டுல இருக்கறப்ப நீ இங்க உக்காந்து ஃபோன்ல எண்ணிட்டு இருந்தியா?”

“மூணு வாரம் முன்னாடியே வலி வந்துடுச்சு சார். லீவெல்லாம் ஏற்கெனவே முடிஞ்சிருந்தது. டாக்டர்கிட்ட சொல்லாம ஓடிட்டேன்.”

“அப்ப பதிவேட்டுல கையெழுத்துப் போட்டது யாரு?”

அவன் முகம் இறுகியது. “அதை மட்டும் கேக்காதீங்க மேடம். என் வேலை போனாலும் பரவாயில்ல.”

*

பரிசோதனை அறைக்கு இரண்டு கதவுகள். முதல் கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் நிற்கும். இரண்டாவதைச் சாத்தினால் தன் மூச்சே தனக்குக் கேட்கும். டெஸ்ட் அக்கா இங்கே பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். முந்தாநாள் நிதானத்தின் அலுவலகத்துக்கு வந்து, சிஸ்டம் தம்பி இதைச் செய்யவில்லை, எப்படியாவது நிரூபியுங்கள் என்று அழுதவள் அவள்தான்.

“என்னாச்சு மேடம்? அவன் இல்லைன்னு தெரிஞ்சுதா? டாக்டர் கேட்டுக்கிட்டாரா? சாப்பிட்டானா அவன்?” கேள்விகள் கீச்சென்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன.

“அவர் இல்லைன்னு தெரிஞ்சுது. யாருன்னுதான் பாக்கணும். அதுக்குள்ள ஒரு உதவி பண்ணுங்க. சித்தப்பாவுக்குக் கொஞ்ச நாளா காது மந்தம்.”

“யாருக்கு, எனக்கா? நான் ரயில் சத்தத்துல குறட்டையைத் தனியாப் பிரிச்சுக் கேட்டவன்…”

“உக்காருங்க சித்தப்பா.”

உட்கார்ந்தார். காதில் ஹெட்ஃபோன் குமிழ்களை மாட்டியதும், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்ட பிள்ளைபோல் அடங்கிப்போனார். டெஸ்ட் அக்கா எதிரே அமர்ந்து மேஜையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்தாள். உள்ளங்கை அகலம், ஓரம் தேய்ந்து பழுப்பேறியது.

“நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. உதட்டைப் பாத்துச் சொல்லிடுவாங்கன்னுதான் இந்த அட்டை.”

அட்டை வாயை மறைத்தது. அந்த நொடியில் அவள் குரல் மாறியது. கீச்சு போயிற்று, அவசரம் போயிற்று. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒவ்வொரு எண்ணும் தராசில் நிறுத்து வைத்ததுபோல் வந்தது.

“நாலு… ஒன்பது… ரெண்டு…”

“நாலு, ஒன்பது, ரெ…” சித்தப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் நிதானத்தைப் பார்த்தார். நிதானம் டெஸ்ட் அக்காவின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வரைபடத்தில் சிறு வட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தது. சிவப்பு வட்டங்கள்.

“சிவப்பு எதுக்கு?”

“வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம். எங்க போனாலும் அதான் முறை. உங்க சித்தப்பாவுக்கு ஒண்ணும் இல்ல மேடம், நல்லாத்தான் கேக்குது.”

“எனக்கும் தெரியும்.” நிதானம் எண்கள் எழுதிய தாளை அவள் முன் வைத்தாள். கைபேசியில் பதிவைத் தொடங்கி அதன் பக்கத்தில் வைத்தாள். “எல்லாரையும் ஒரு தடவை படிக்கச் சொல்றேன். ஒப்பிட்டுப் பாக்கத்தான்.”

டெஸ்ட் அக்கா தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அட்டையைக் கீழே வைத்துவிட்டு வேகமாக ஆரம்பித்தாள். “டபுள் நாலு, எழுபது, தொண்ணூத்திரெண்டு, பதினெட்டு…” மூச்சு வாங்கியது. “அஞ்சு… அஞ்சு…” வேகம் குறைந்தது. “மூணு…”

அவளுடைய இடது கை மேஜைமேல் எதையோ தேடியது. கிடைத்தது. எழுந்தது. அட்டை வாயை மூடியது.

“ஆறு… ஒண்ணு…”

ஒலிப்பதிவில் கேட்ட அதே குரல்.

தன் கை எங்கே இருக்கிறது என்று அவள் அப்போதுதான் பார்த்தாள். அட்டையை எடுக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்து அழுகை வந்தது.

“துணி இல்ல, போர்வை இல்ல” என்றாள் நிதானம். “யாரும் குரலை மறைக்கல. பத்தொன்பது வருஷமா எண்ணைப் படிச்சாலே கை மேல போயிடுது. ஃபோன்ல ஒரு மெஷினுக்குப் படிச்சப்பவும் போயிருக்கு. சிவப்புக் கையெழுத்தும் நீங்க போட்டதுதான்.”

“என்கிட்ட கத்திட்டு ஓடினான் மேடம், ‘அக்கா, வலி வந்துடுச்சாம்’னு. லீவு இல்லையேன்னு பரிதாபப்பட்டு அவன் கட்டத்துல நானே போட்டேன். அது ஒரு பொய். அரை மணி நேரத்துல ஒரு ஸ்கூல்லருந்து இருபத்திரெண்டு பிள்ளைங்க வந்து இறங்கிட்டாங்க. மெஷின் புது லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பாக்கல. அவனுக்கு பதினோரு தடவை ஃபோன் பண்ணேன், எடுக்கல. டிராயர்ல பழைய சிடி இருந்துச்சு. அவன் போட்டுப் பாத்திருக்கேன். நம்பர் கேட்டுச்சு. வரவேற்புல இருந்த லேப்டாப்பைக் கவுத்தா, அடியில ஸ்டிக்கர்ல நம்பர் இருந்தது.”

“அதைப் போட்டீங்க.”

“ஃபோன் பண்ணு, செயல்படுத்துன்னு வந்துச்சு. பண்ணேன். அந்த ஃபோன் மெஷின் என்னை ஒரே ஒரு கேள்விதான் மேடம் கேட்டுச்சு. ‘இந்தப் பிரதி எத்தனை கணினிகளில் நிறுவப்பட்டுள்ளது?’ன்னு.” அட்டை மெல்ல இறங்கியது. “ஒண்ணுன்னு அழுத்தினேன். மனுஷங்ககிட்ட சொல்ற பொய்யா இருந்தா வாய் கூசியிருக்கும். மெஷின்தானேன்னு விரல் கூசல.”

சித்தப்பா காதிலிருந்த குமிழ்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“லெட்டர் வந்து ஆறு நாள் ஆச்சு” என்றாள் நிதானம்.

“முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்லல. முதல் நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களேன்னு ரெண்டாம் நாளும் சொல்லல. அப்படியே நாள் ஏறிடுச்சு. தினமும் மத்தியானம் அவன் எதிர்ல உக்காந்து சாப்பிடறேன் மேடம்.”

“அப்புறம் எதுக்கு என்னைத் தேடி வந்தீங்க?”

டெஸ்ட் அக்கா கண்ணைத் துடைக்கவில்லை. “நீங்க கண்டுபிடிச்சுட்டா, நான் சொல்ல வேண்டியதில்லைன்னுதான்.”

அறையில் சத்தமே இல்லை. அப்படிக் கட்டிய அறை அது. அதனால் கதவு திறந்தது தெளிவாகக் கேட்டது. சிஸ்டம் தம்பி நின்றுகொண்டிருந்தான். அவள் அழுத முகத்தையும் மேஜைமேல் கிடந்த எண் தாளையும் பார்த்தான்.

“டாக்டர் முதல் தடவை அதைப் போட்டுக் காட்டினப்பவே தெரியும்க்கா. இந்த ரூம்ல ஏழு வருஷமா உங்க மெஷினுக்கு வயர் மாட்டறேன்.”

“தெரிஞ்சுமாடா பேசாம இருந்தே?”

“சொன்னா, கையெழுத்தும் வெளிய வரும். அதை எனக்காகத்தான போட்டீங்க? ரெண்டு வாரம் நாளைக்கு நாளைக்குன்னவனும் நான்தான்.” அவன் தயங்கினான். “இன்னொண்ணும் சொல்லணும். நீங்க அந்த நம்பரை எடுத்திருக்கவே வேண்டாம்க்கா. இந்தப் புது லேப்டாப்போட வந்தது தொழில்முறை லைசன்ஸ். பழைய பதிப்பைப் போட்டுக்கற உரிமை அதுலயே இருக்கு. அந்த ஃபோன்ல மெஷினை விட்டுட்டு ஆளைக் கூப்பிட்டு, புதுசு இருக்கு, பழசு வேணும்னு உள்ளதைச் சொல்லியிருந்தா, அவங்களே வேற நம்பர் குடுத்திருப்பாங்க.”

டெஸ்ட் அக்காவுக்குப் புரியவில்லை. சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

“அட ராமா! கையில முதல் வகுப்பு டிக்கெட் வச்சுக்கிட்டு சாதாப் பெட்டியில உக்கார்ந்தா எவனும் கேக்க மாட்டான்மா. நீ என்னடான்னா பக்கத்து சீட்காரன் டிக்கெட்டைத் திருடிட்டு உக்காந்திருக்கே.”

அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். வந்தது வேறு.

“சரி, அந்த லைசன்ஸை இன்னைக்கே ஒழுங்கு பண்ணிடலாம்” என்றாள் நிதானம். “அந்த ஆறு நாளைத்தான் எதை வச்சு ஒழுங்கு பண்றதுன்னு தெரியல. எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு. ஏழு வருஷமா வயர் மாட்ட வர்றவருக்கு உங்க குரல் உடனே தெரிஞ்சுது. பத்தொன்பது வருஷமா கூட இருக்கற காது டாக்டருக்கு ஏன் தெரியல? சித்தப்பா அவர் முதுகுக்குப் பின்னால அவரையே கிண்டல் பண்ணாரு. அவர் திரும்பவே இல்ல.”

டெஸ்ட் அக்கா, பரிசோதனை வரைபடங்கள் வைக்கும் தன் மேஜையின் கீழ் இழுப்பறையைப் பார்த்தாள். அதில் ஒரு பூட்டு இருந்தது.

“அது நான் சொல்ற விஷயம் இல்ல மேடம்” என்றாள். அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். “ஆனா என் விஷயத்தை அவர்கிட்ட எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்.”

*

மூன்றே முக்கால். டாக்டர் பேனா மூடியைக் கழற்றியிருந்தார்.

டெஸ்ட் அக்கா உள்ளே வந்தாள். வெள்ளை அட்டையை மேஜைமேல் வைத்தாள். பிறகு, வழக்கமாக நிற்கும் இடத்தை விட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ஃபோன்ல பேசினது நான், டாக்டர். பழைய சிஸ்டம் போட்டது நான். பதிவேட்டுல அவன் கையெழுத்தைப் போட்டதும் நான்தான். ஆறு நாளா அவனைப் பலி குடுத்துட்டு நான் சாப்பிட்டுட்டு இருந்தேன்.”

டாக்டரின் கண்கள் அவள் உதட்டை விட்டு அசையவில்லை. முடிந்த பிறகும் அசையவில்லை.

கைபேசியை எடுத்தார். பதிவை ஓடவிட்டு வலது காதில் வைத்தார், இடது காதில் வைத்தார். கீழே வைத்தார்.

“கொசு பறக்கற மாதிரி இருக்கு” என்றார். “ஆறு நாளா எனக்கு இது இப்படித்தான் கேக்குது. குரல் தெளிவா இல்லைன்னு அவங்க எழுதியிருந்தாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டேன். துணி போட்டு மூடினான்னு சொன்னது… நானாச் சேத்துக்கிட்டது.” பேனா மூடியை மேஜைமேல் உருட்டினார். “காது டாக்டருக்குக் காது கேக்கலைன்னு சொல்றதைவிட, ஒருத்தன் திருடன்னு சொல்றது சுலபமா இருந்தது.”

அவர் கடிதத்தில் சிஸ்டம் தம்பியின் பெயரை அடித்தார். அடித்தது போதாதென்று மேலும் இரண்டு முறை அடித்தார். டெஸ்ட் அக்கா விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவள் பெயரை எழுதினார். அதன் கீழே, விசாரிக்காமல் பழி சுமத்தியதற்குப் பொறுப்பு என்று எழுதித் தன் பெயரையும் சேர்த்தார். அந்த நிறுவனம் அதைக் கேட்டிருக்கவே இல்லை.

“உன்னைப் பத்தி நாளைக்குப் பேசணும்” என்றார் அவளிடம்.

“பேசுங்க டாக்டர். நேரா உக்காந்தே பேசுங்க.”

“அவன் ஏன் அன்னைக்கு இங்க இல்ல?”

“பொண்ணு பிறந்திருக்கா டாக்டர்” என்றான் சிஸ்டம் தம்பி, கதவோரத்தில் நின்றபடி.

டாக்டர் பதிலுக்காக டெஸ்ட் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

சிஸ்டம் தம்பிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. மேஜையைச் சுற்றி நடந்து வந்தான். அவர் முன்னால் குனிந்து, முகத்துக்கு நேராக நின்றான்.

“பொண்ணு, டாக்டர்” என்றான் மறுபடியும்.

*

அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். உள்ளே வந்ததும் சித்தப்பா தன் மடிக்கணினியைத் திறந்தார், மூடினார்.

“அம்மாடி, அந்த லைசன்ஸ் ஃபோன் நம்பர் உன்கிட்ட இருக்கா?”

நிதானம் ஏற்கெனவே அழைத்திருந்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள். கொஞ்ச நேரம் இசை வந்தது. பிறகு சலனமில்லாத ஒரு குரல் கேட்டது.

“இந்தப் பிரதி எத்தனை கணினிகளில் நிறுவப்பட்டுள்ளது?”

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு விரலைக் காட்டினார். அது காற்றில் தனியாக நின்றது. சற்றுப் பொறுத்து அதன் பக்கத்தில் இன்னொரு விரல் எழுந்தது.

நிதானம் இரண்டை அழுத்தினாள்.